186 பார்சல்: கேப்டன் ஃபிரெட் ஸ்மித்தின் கணக்கு

1973 ஏப்ரல் 17 இரவு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் மெம்பிஸ் விமான நிலையத்தில் சின்னச் சின்ன ஜெட் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. மொத்தம் 14 விமானம், 25 நகரங்களின் சரக்கு. எல்லாவற்றையும் இறக்கி எண்ணிப் பார்த்தால் 186 பார்சல். விமானத்துக்குச் சராசரியாகப் பதின்மூன்று. நம்மூரில் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் ஒரு பையன் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போகிற லோடு அது. அன்றைக்குக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் 389 பேர். ஒரு பார்சலுக்கு இரண்டு ஆள், கொசுறாக இன்னும் கொஞ்சம்.

இத்தனைக்கும் அது ‘நல்ல’ இரவு. ஒரு மாதம் முன்பு நடந்த வெள்ளோட்டத்தில் பார்சல் எண்ணிக்கை பத்தைக்கூடத் தொடவில்லை.

அந்தக் கம்பெனிதான் ஃபெடரல் எக்ஸ்பிரஸ், பின்னாளில் ஃபெட்எக்ஸ். தொடங்கியவர் ஃபிரெட் ஸ்மித், வியட்நாம் போரில் இரண்டு சுற்று முடித்து வந்த மரைன் படை கேப்டன். அன்று அவருக்கு வயது 28. 2025 ஜூன் 21 அன்று, தமது 80வது வயதில் இறந்தார். அஞ்சலிக் குறிப்புகள் பலவற்றில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: ராணுவ ஒழுக்கம் அவரைத் தொழிலதிபர் ஆக்கியது, பத்துப் பிள்ளைகளைப் பெற்ற குடும்பஸ்தர். இரண்டும் பொய்யில்லை. ஆனால் ‘ஒழுக்கம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எதுவும் விளங்காது. ஒழுக்கத்தோடு ஓய்வு பெற்று வந்த எத்தனையோ பேர் நம்மூரில் ஏடிஎம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்மித் போர்க்களத்திலிருந்து எதை எடுத்து வந்தார், அதை எங்கே வைத்தார், பிறகு எங்கே கைவிட்டார் என்று பார்ப்பதுதான் பயன். குடும்பம் என்ற சொல்லும் இந்தக் கதையில் புகைப்பட ஆல்பத்தோடு நிற்பதில்லை. அது கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இவர் வெறுங்கையோடு வந்தவர் அல்ல. 1944 ஆகஸ்ட் 11 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் மார்க்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா பஸ் முதலாளி. அவர் நடத்திய பஸ் கம்பெனிதான் பின்னர் டிக்ஸி கிரேஹவுண்ட் ஆனது. உணவகச் சங்கிலி ஒன்றும் அவர் கையில் இருந்தது. மகனுக்கு நான்கு வயதிருக்கும்போது அப்பா போய்விட்டார். இடுப்பு எலும்பு நோயால் சிறுவன் ஊன்றுகோல் ஊன்றி நடந்தான். பத்து வயதுக்குள் அது சரியானது. பதினைந்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டான்.

யேல் பல்கலைக்கழகத்தில் எழுதிய கட்டுரையின் கதையை மேலாண்மை வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். ஒரே இரவில் பார்சல் சேர்க்கும் யோசனையை மாணவர் எழுதினாராம், பேராசிரியர் ‘சி’ கிரேடு போட்டாராம். ஸ்மித்திடமே கேட்டபோது என்ன கிரேடு என்று சரியாக நினைவில்லை, வழக்கம்போல ‘சி’யாக இருந்திருக்கும் என்ற தோரணையில்தான் பதில் சொன்னார். கட்டுரையில் கரு இருந்தது. ஆனால் அதற்கு உடம்பு கிடைத்தது வியட்நாமில்.

1966இல் பட்டம் வாங்கிய கையோடு மரைன் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். முதல் சுற்றில் காலாட்படை. பிளாட்டூன் என்ற சிறு படைப்பிரிவின் தலைவர், அப்புறம் ராணுவத்தில் ‘கம்பெனி’ என்று சொல்லும் பெரிய பிரிவின் தளபதி. இரண்டாவது சுற்றில் சிறு விமானத்தில் மேலே பறந்தபடி எங்கே குண்டு போட வேண்டும் என்று வழிகாட்டும் வேலை. 1968 மே மாதம் கோய் நோய் பகுதியில் நடந்த சண்டைக்காக வெள்ளி நட்சத்திரப் பதக்கம், அது தவிர வெண்கல நட்சத்திரம், காயம்பட்டவர்களுக்கான ஊதா இதயப் பதக்கம் இரண்டு. பதக்கங்களை இதோடு விட்டுவிடுகிறேன். தொழிலுக்கு வந்து சேர்ந்தவை வேறு.

யேலில் படித்த இருபத்திரண்டு வயதுப் பையனிடம் நாற்பது பேரை ஒப்படைக்கிறார்கள். அந்த நாற்பது பேரில் பலர் கல்லூரி வாசலைப் பார்க்காதவர்கள். அவர்களில் மூத்த சார்ஜென்ட், நம் ராணுவக் கணக்கில் அனுபவமுள்ள ஒரு ஹவில்தார் மாதிரி, புது அதிகாரியிடம் சொன்னதை ஸ்மித் கடைசிவரை மேடைகளில் சொல்லிவந்தார். மூன்றே மூன்று விஷயம் ஞாபகத்தில் இருந்தால் போதும்: சுடணும், நகரணும், தகவல் சொல்லணும். அந்த மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இன்னொன்று சாப்பாட்டு வரிசை. மரைன் படையில் அதிகாரி கடைசியில்தான் தட்டெடுக்க வேண்டும். கடைசிச் சிப்பாய்க்குக் கிடைத்த பிறகு மிச்சமிருந்தால் அதிகாரிக்கு. பந்தியில் வீட்டுக்காரர் கடைசியாக உட்காருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. சம்பளப் பட்டியல் போடும் இடத்துக்கு அந்த வழக்கத்தைக் கொண்டுவருவதுதான் அபூர்வம்.

மூன்றாவது, வீணடிப்பு. போருக்கான சரக்கு அமெரிக்காவிலிருந்து மலைமலையாக வந்து குவிந்தது. யார் கேட்டார்கள் என்று பாராமல் தள்ளிவிடும் முறை. வேண்டாத இடத்தில் குவியல், வேண்டிய இடத்தில் வெறும் கை. இந்த விசித்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த அதிகாரிக்குச் சரக்கைவிடச் சரக்கு சேரும் நேரம் முக்கியம் என்பது உறைத்தது. அழிவைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், எதையாவது கட்டியெழுப்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பியதாகப் பின்னாளில் சொன்னார்.

ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், மாற்றாந்தந்தை நடத்திய விமானப் பராமரிப்புக் கம்பெனி நொடித்துக்கொண்டிருந்தது. அதை வாங்கி நிமிர்த்தினார். அங்கேதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பழுதான ஜெட்டுக்கு ஒரு பாகம் வேண்டும் என்றால் அது வந்து சேரும் நாளை யாராலும் சொல்ல முடியவில்லை. அன்றைய விமானச் சரக்கெல்லாம் பயணி விமானங்களின் வயிற்றில் போனது. பயணி எப்போது பறக்க விரும்புகிறாரோ அப்போதுதான் பெட்டியும் பறக்கும். பயணிகள் தூங்கும் நேரத்தில் சரக்கும் தூங்கும். வியாபாரிக்கு வேண்டியதோ நேர்மாறு. சாயங்காலம் கடையடைக்கும்போது கொடுத்தது மறுநாள் கடை திறக்கும்போது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

1971 ஜூன் மாதம் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் பதிவானது. ‘ஃபெடரல்’ என்ற பெயருக்குக் காரணம், ஃபெடரல் ரிசர்வ் வங்கிகளின் காசோலைக் கட்டுகளை இரவில் ஏற்றிச்செல்லும் ஒப்பந்தம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. ஒப்பந்தம் கைநழுவியது, பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த வங்கிகளின் வேலையிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. ஊரிலுள்ள வங்கிகளெல்லாம் ஒன்றுக்கொன்று ஆளனுப்பிக் காசோலை மாற்றிக்கொள்வதில்லை. எல்லாரும் ஒரே கிளியரிங் ஹவுசுக்குக் கொண்டுவந்து கொட்டி, அவரவர் பங்கை எடுத்துப் போகிறார்கள்.

25 நகரங்களை ஒன்றோடொன்று நேராக இணைத்தால் 300 தடங்கள் வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் கூட்டிப் பிரித்தால் 25 தடம் போதும். பத்து விமானமும் கொஞ்சமும் வைத்திருப்பவனால் தேசம் முழுவதையும் தொட முடிவது இந்தக் கணக்கால்தான். பார்க்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரிந்திருக்கும். தூத்துக்குடியில் புக் பண்ணின பார்சல் திருநெல்வேலிக்குப் போக, முதலில் திருச்சிக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறது என்றால் நம் பார்சல் ஆபீஸில் என்ன சொல்வார்கள்? அப்படித்தான் இருந்தது. ஆனால் நள்ளிரவுக்கு முன்னும் பின்னுமாக வந்து இறங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் பிரித்து அடுக்கி, விடியுமுன் கிளம்பிவிட்டால் சுற்றிப்போன தூரத்தைப் பெறுபவர் ஏன் பார்க்கப் போகிறார்?

மெம்பிஸைத் தேர்ந்ததற்குக் காரணமும் இதே கணக்குதான். நாட்டின் நடுவாந்திரத்துக்குக் கிட்டே இருக்கிறது, பனியால் விமான நிலையம் மூடப்படுவது அபூர்வம், பழைய ராணுவக் கொட்டகைகள் காலியாக இருந்தன, நிர்வாகமும் இறங்கிவந்தது. வளர்ந்த ஊர் என்ற பாசத்தைக் கடைசியில் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

விமானமும் கணக்குப் பார்த்து எடுத்ததே. அன்று அமெரிக்காவில் எந்தத் தடத்தில் யார் பறக்கலாம் என்று தீர்மானித்தது சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு. 7,500 பவுண்டு, அதாவது சுமார் 3,400 கிலோ சுமைக்கு உட்பட்ட ஏர் டாக்ஸி என்னும் சிறு வாடகை விமானங்களுக்கு மட்டும் அந்தப் பிடி தளர்வு. பிரெஞ்சுக்காரர்கள் பணக்காரர்களுக்காகச் செய்த ஃபால்கன் 20 என்ற எட்டுப் பத்துப் பேர் ஜெட்டைச் சரக்குக் கதவு வைத்து மாற்றினால் அந்த வரம்புக்குள் அடங்கும். மாற்றினார். முதல் ஃபால்கனுக்குத் தன் மூத்த மகளின் பெயரை வைத்தார்: வெண்டி. ஊழியர்களின் பிள்ளைகள் பெயரை விமானத்துக்கு வைக்கும் வழக்கம் அந்தக் கம்பெனியில் அப்படித்தான் வேர்விட்டது.

பணம்? சொந்தச் சொத்திலிருந்து 40 லட்சம் டாலர். முதலீட்டாளர்களிடம் திரட்டியது ஒன்பது கோடி டாலரை ஒட்டி. அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை. அதை முழுங்கவும் கம்பெனிக்கு அதிக நாள் ஆகவில்லை. சேவை தொடங்கி ஆறாவது மாதம் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை, எரிபொருள் விலை ஏற்றம். முதல் இரண்டு ஆண்டுச் சொச்சத்தில் நட்டம் 2.9 கோடி டாலர். பைலட்டுகள் தங்கள் சொந்தக் கடன் அட்டையில் எரிபொருள் போட்ட நாட்கள் உண்டு.

லாஸ் வேகாஸ் கதையைச் சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள், எனவே நானும் சொல்லிவிடுகிறேன். 24,000 டாலர் எரிபொருள் பாக்கி, வங்கியில் 5,000. கடன் கேட்கப்போன இடத்தில் கைவிரித்துவிட்டார்கள். ஊர் திரும்பாமல் வேகாஸுக்குப் போய் பிளாக்ஜாக் சீட்டாடி 27,000 டாலரோடு வந்தார். கம்பெனி ஒரு வாரம் மூச்சுவிட்டது. அவ்வளவுதான் அதன் எடை. 2.9 கோடி நட்டத்தில் 27,000 எந்த மூலை? மேடைக்கு ருசியான கதை, தொழில் ஆய்வுக்கு அடிக்குறிப்பு. சீட்டில் அன்று தோற்றிருந்தால் இதே கதையை எந்தப் பிரிவில் வைத்துப் படித்திருப்போம் என்றும் யோசித்துக்கொள்ளலாம்.

எடையுள்ள கதை வேறு இருக்கிறது. அதை அஞ்சலிகள் மெல்லத் தாண்டிப் போகின்றன. அப்பா விட்டுப்போன சொத்து ஒரு குடும்ப நிறுவனத்தில் இருந்தது. அதில் ஸ்மித்துக்கு மட்டுமல்ல, அப்பாவின் வேறு தாரத்துப் பிள்ளைகளான அக்காக்கள் இருவருக்கும் பங்கு. அந்த நிறுவனத்தின் பெயரில் லிட்டில் ராக் வங்கி ஒன்றில் வாங்கிய 20 லட்சம் டாலர் கடனுக்குப் பொய் ஆவணம் கொடுத்தார் என்று 1975 ஜனவரியில் ஸ்மித் மீது மத்திய அரசு வழக்கு. அக்காக்களும் நீதிமன்றம் போனார்கள். அந்த டிசம்பரில் நடுவர்கள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். சட்டப்படி அதோடு முடிந்தது. ஆனால் பங்காளி வீட்டுப் பணத்தைத் தன் கனவில் போட்டவர் எவரானாலும் அந்த வீட்டு விசேஷங்களுக்குப் பழையபடி போக முடியாது என்பது நமக்குத் தெரியாததா? ‘துணிச்சலான முதலீடு’ என்று நாம் படிக்கும் வரியின் மறுபக்கத்தில் கூடப்பிறந்தவர்கள் நிற்கிறார்கள்.

அதே காலத்தில்தான் இன்னொரு நாடகம். பணம் போட்டவர்கள் பொறுமையிழந்து, மேலே ஒரு பெரிய ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஹோவெல் எஸ்டெஸ், நான்கு நட்சத்திர விமானப்படை ஜெனரல், அமெரிக்க ராணுவத்தின் விமானப் போக்குவரத்துப் பிரிவையே நடத்தியவர். சரக்கை விமானத்தில் அனுப்புவதில் அவரைவிட அனுபவசாலி அந்த நாட்டில் கிடைப்பாரா? ராணுவ ஒழுக்கம்தான் ரகசியம் என்றால் ஜெனரலிடம் கேப்டனைவிட அது கூடுதலாக இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. ஸ்மித்தை வெளியேற்றும் பேச்சு வந்தபோது, அவர் போனால் நாங்களும் போகிறோம் என்று மூத்த மேலாளர்கள் நின்றுவிட்டார்கள். போனவர் ஜெனரல்.

இந்த வரலாற்றில் என்னைக் கேட்டால் மிக முக்கியமான இடம் இதுதான். சாப்பாட்டு வரிசையில் கடைசியில் நின்றதற்கான பலன் அன்று திரும்பி வந்தது. சம்பளம் தாமதமானாலும் ஆட்கள் கலையாததற்குக் காரணம் பதவி அதிகாரம் அல்ல. கூரியர் பையனுக்கும் முதலாளிக்கும் இடையில் அடுக்குகள் குறைவு, மேலாளர் பதவிகளில் பெரும்பாலும் கீழிருந்து வந்தவர்கள், மேலாளர் தீர்ப்பு பிடிக்காவிட்டால் உச்சிவரை முறையீடு செய்ய வழி. நல்ல வேலை செய்தால் கடற்படைக் கொடி மொழியில் ‘சபாஷ்’ என்று பொருள்படும் பிராவோ ஸூலு சின்னத்தை மேலாளர் ஒட்டிக் கொடுப்பார். ஒரு ஸ்டிக்கர்தான். வாங்கினவர்கள் அதைத் தூக்கிப்போட்டதாகத் தெரியவில்லை.

1975 ஜூலையில் முதல் லாபம். 1977 இறுதியில் விமானச் சரக்குக் கட்டுப்பாடு தளர்ந்ததும் பெரிய போயிங் 727கள் வந்தன. 1978இல் பங்குச் சந்தை. 1983இல் ஆண்டு வருமானம் 100 கோடி டாலர். வேறு கம்பெனியை வாங்காமல், தொடங்கிப் பத்தாண்டில் அந்தத் தொகையைத் தொட்ட முதல் அமெரிக்க நிறுவனம். இந்தப் பகுதி எல்லா வணிக நூல்களிலும் விரிவாகக் கிடைக்கும்.

சார்ஜென்டின் மூன்றாவது சொல்லுக்கு வருவோம். பார்சலைப் பற்றிய தகவலும் பார்சலுக்குச் சமமான முக்கியம் என்று 70களின் கடைசியிலேயே ஸ்மித் சொல்லத் தொடங்கினார். நம் பார்சல் ஆபீஸ் போனில் வரும் முதல் கேள்வி இன்றும் ‘அண்ணே, லோடு எங்க வந்துட்டிருக்கு?’ என்பதுதானே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 1979இல் கணினி வலையமைப்பு, 1986இல் கூரியர் கையில் பார்கோடு படிக்கும் கருவி. எடுக்கும்போது ஒரு தடவை, பிரிக்கும்போது ஒரு தடவை, வண்டியில் ஏற்றும்போது ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை என்று ஒவ்வொரு கை மாறுதலிலும் பதிவு. இன்று ஐந்நூறு ரூபாய் சட்டை வாங்கிவிட்டு அது எங்கே வருகிறது என்று நாம் போனைத் தடவிக்கொண்டிருப்பதன் பூர்விகம் இது.

அதே தகவல் பித்துதான் ஒரு பெரிய அடியும் கொடுத்தது. 1984இல் ஸாப்மெயில்: கடிதத்தைக் கொடுத்தால் தங்கள் அலுவலகங்களுக்கிடையே ஃபேக்ஸில் அனுப்பி, இரண்டு மணி நேரத்தில் பிரதியைச் சேர்ப்பார்கள். ஃபேக்ஸ் இயந்திரம் மலிந்து எல்லா அலுவலகத்திலும் வந்து உட்காரும் என்பதைக் கணிக்கத் தவறினார். விண்ணோடத்தில் ஏற்றி அனுப்பவிருந்த சொந்தச் செயற்கைக்கோள் கனவு, 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்ததோடு கலைந்தது. அந்த ஆண்டே மூடினார்கள், நட்டம் 30 கோடி டாலருக்கு மேல். ஆனால் அந்தப் பிரிவில் இருந்தவர்களைத் தெருவில் விடவில்லை. கம்பெனிக்குள்ளேயே வேறு வேலைக்கு முன்னுரிமை தந்தார்கள். சாப்பாட்டு வரிசை அன்றும் மாறவில்லை.

மாறியது அதன் பிறகு. 1998இல் வாங்கிய தரைவழிக் கம்பெனி ஃபெட்எக்ஸ் கிரவுண்ட் ஆனது. விமானப் பக்கத்தில் கூரியர் என்றால் ஊழியர். கிரவுண்டில் அன்று டிரைவர் ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’. வண்டி அவர் செலவு, டீசல் அவர் செலவு, கம்பெனி முத்திரை போட்ட சீருடையும் அவர் செலவு. எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் கம்பெனி சொல்வது. எங்களை ஊழியர் என்று ஒப்புக்கொள் என்று டிரைவர்கள் வழக்குப் போட்டார்கள். கலிபோர்னியா டிரைவர்கள் விஷயத்தில் அவர்கள் ஊழியர்களே என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு 22.8 கோடி டாலருக்குச் சமரசம். ஒரே நிறம், ஒரே லோகோ, ஒரே முதலாளி. ஒரு பந்தியில் சிப்பாய் முதலில் சாப்பிட்டான், பக்கத்துப் பந்தியில் இலையே அவன் கொண்டுவர வேண்டியிருந்தது. போட்டிக் கம்பெனிகளின் செலவுக் கணக்கு அவரை நெருக்கியது உண்மைதான். ஆனால் ‘மரைன் கேப்டனின் நிர்வாகம்’ என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் நடத்துகிறார்கள்.

குடும்பஸ்தர் ஸ்மித்துக்கு இரண்டு திருமணம், பத்துப் பிள்ளைகள். 2000இல் யேல் காலத்து நண்பர் ஜார்ஜ் புஷ் பாதுகாப்பு அமைச்சர் பதவிக்கு அழைத்தபோது உடல்நிலையைச் சொல்லி மறுத்தார். பிள்ளைகளில் ஒருவர் சினிமாத் தயாரிப்பாளர். இன்னொருவர், ஆர்தர், அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். 2021 முதல் மூன்று பருவம் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அணியின் பெயர் அட்லாண்டா ஃபால்கன்ஸ். அப்பாவின் முதல் விமான ரகத்தின் பெயரே அமைந்தது தற்செயல்தான்.

மகன் ரிச்சர்ட் கம்பெனிக்குள்ளேயே இருந்தார். 2022இல் ஸ்மித் தலைமைச் செயல் அலுவலர் நாற்காலியிலிருந்து எழுந்தபோது நம்மூர் வழக்கப்படி யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. உட்கார்ந்தவர் ராஜ் சுப்பிரமணியம். திருவனந்தபுரத்துக்காரர், பம்பாய் ஐஐடி, 1991இல் மெம்பிஸில் சேர்ந்து முப்பது வருடம் படியேறி வந்தவர். ரிச்சர்டுக்கு விமானப் பிரிவின் பொறுப்பு கிடைத்தது.

மூத்த மகள் வெண்டி தொழில் பக்கம் வரவில்லை. காட்டுயிர்களைப் படமெடுக்கும் புகைப்படக் கலைஞரானார். 2005இல், 35 வயதில், இதயத் துடிப்பைப் பாதிக்கும் ஒரு மரபுக் கோளாறால் இறந்தார். மேயோ கிளினிக்கில் திடீர் மரணங்களின் மரபுக் காரணத்தை ஆராயும் ஆய்வகம் ஒன்று இன்று அவர் பெயரில் இயங்குகிறது. அவர் பெயர் தாங்கிய அந்த முதல் ஃபால்கன், வாஷிங்டனுக்கு அருகே ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சுமை 3,400 கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து எடுத்த விமானம், பெரிய விமானங்களுக்கு நடுவே சின்னதாகத்தான் தெரிகிறது.